உள்ளான்கள் விட்ட இடம்

கூட்டத்தின் நட்டநடுவில் ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது.

இன்ஷிரா பறவை பார்க்கும் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துக் கசக்கி, மறுபடி வைத்துப் பார்த்தாள். கோமாரி ஊர்க் களப்பின் தண்ணீர் நடுவே நீண்டு கிடந்த மணல்திட்டு முழுக்க உள்ளான்கள். மாரி ஓய்ந்து, வடக்கே திரும்பிப் பறக்கும் நாள் நெருங்கி, தின்று கொழுத்து, ஒன்றையொன்று உரசியபடி எல்லாம் கடற்காற்றுக்கு முகம் கொடுத்து நின்றன. இன்னொரு கால் வைக்க இடமில்லை. ஆனால் நடுவில் மட்டும், ஒருவர் கையை விரித்துச் சுற்றினால் எவ்வளவு வருமோ அவ்வளவு வட்டமாய் வெறும் மணல்.

பறவைகளைப் பத்துப் பத்தாக எண்ணி வந்தவள் அங்கே தடுக்கிவிட்டாள். விரலில் மாட்டியிருந்த தஸ்பீஹ் கவுண்டர் நானூற்றுப் பத்தில் நின்றது.

“றம்ஸியா, இஞ்ச ஒருக்கா வந்து பாரன்.”

“வாறன்கா. றொட்டி ஆறப் போகுது.”

இருபது அடி தள்ளி, மர நிழலில் பாய் விரித்து மற்ற மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். றம்ஸியா, பயிற்சிக் கலாசாலையில் இன்ஷிராவோடு ஒரே அறையில் இருந்தவள். அவளுடைய கணவன் றினாஸ், வேன் அவனுடையது. யதுசா, காரைதீவுக்காரி, இன்ஷிராவின் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். நோன்பு தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு கல்முனையிலிருந்து சுபஹ் தொழுகையோடு புறப்பட்டு இங்கே வருவது நாலு வருடப் பழக்கம்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஒரு கண் கண்டது குறிப்புக் கொப்பியில் ஏறாது. இன்னொருவர் வந்து பார்த்து, சரிதான் என்று ‘ஓம்’ சொன்னால்தான் ஏறும். போன வருடம் இன்ஷிரா கரண்டி மூக்குள்ள உள்ளான் ஒன்றைக் கண்டாள். மற்றவர்கள் எழும்பி வருவதற்குள் அது போய்விட்டது. அதிலிருந்து, இல்லாத எதற்கும் அவர்கள் வைத்த பெயர் ‘இன்ஷிராட குருவி’. வேன் சாவி தொலைந்தாலும் அதுதான். இந்தத் தடவை எதைக் கண்டாலும் இன்னொரு கண்ணை இழுத்து வந்து பார்க்க வைக்காமல் வீடு போவதில்லை என்று அவள் காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

றினாஸ்தான் எழும்பி வந்தான். குனிந்து பார்த்தான்.

“உள்ளான் நிக்கிது.”

“நடுவுல பாருங்க, றினாஸ் நானா.”

“நடுவுலயும் உள்ளான்தான் நிக்கிது. என்ன, இன்ஷிராட குருவியா?”

பாயிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவனைத் தள்ளிவிட்டு அவள் பார்த்தாள். அவன் சொன்னது சரி. நடு நிரம்பியிருந்தது. வெறும் வட்டம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது.

“அந்தா, இடப்பக்கம்!”

அவன் அதற்குள் றொட்டிக்குத் திரும்பியிருந்தான்.

அடுத்து யதுசா வந்தாள், கையில் பிளேன்டீயோடு. ஸ்கோப்பின் கண்ணாடியில் மூச்சுப் பட்டுப் புகை படிந்தது. துடைத்தாள். பார்த்தாள். “ஏதும் சகதியா இருக்கும் அக்கா. காலை வைக்காதுகள்” என்றாள்.

“சகதி நகருமா?”

“நீங்க ராவு நித்திரை கொள்ளல்லப்போல.”

போய்விட்டாள். இன்ஷிராவுக்கு எரிச்சலாக வந்தது. நாலு பேர் வந்தது றொட்டி தின்னவா? பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. அதனால் அது நகர்வதை முழுசாகக் கண்டாள்.

முன்னால் நின்றவை இரண்டு எட்டு ஒதுங்கின. பின்னால் நின்றவை இரண்டு எட்டு நெருங்கி மூடின. பருந்து வந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பும், நாய் வந்தாலும் எழும்பும். இதற்கு ஒரு செட்டை விரியவில்லை. பள்ளிவாசல் படியில் கதைத்துக்கொண்டு நிற்பவர்கள், வருகிறவரைத் திரும்பிப் பாராமலே வழிவிடுவார்களே, அப்படி விட்டன.

வட்டம் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

திட்டின் ஓரத்தை அடைந்தது. அங்கே நின்ற கடைசி உள்ளான்கள் விலகின. பிறகு, சேர்ந்துகொண்டன. திட்டு நிரம்பிவிட்டது. இப்போது எங்கேயும் வெற்றிடம் இல்லை.

அவள் தலையை நிமிர்த்தினாள். முழங்கால் அளவுத் தண்ணீர், வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு கிடந்தது. சேற்று வாடைக்கு அடியில் வேறொரு வாடை, மாரி முழுக்கப் பூட்டிக்கிடந்த அலுமாரியைத் திறந்ததுபோல.

“றம்ஸியா! அல்லாஹ்வுக்காக ஒருக்கா வா!”

“வந்துட்டம் புள்ள, வந்துட்டம்.”

ஒருவரும் வரவில்லை.

கரைச் சேற்றில் சின்ன நண்டுகள் நூற்றுக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் ஓரத்தில் நின்றவை பக்கவாட்டில் ஒதுங்கின. ஒரு வட்டம். அது மேலேறியது. அவளுக்குப் பத்தடி. எட்டடி.

அவள் ஸ்கோப்பை மூன்று காலோடும் தூக்கினாள். நீங்க வராட்டி நான் கொண்டுவாறன். சேற்றில் செருப்பு ஒன்று புதைந்தது. விட்டுவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பாயருகே றொட்டித் துண்டுக்குக் காத்திருந்த காகங்கள் அவள் வர வர இரண்டு பக்கமும் தத்தி விலகின. பறக்கவில்லை.

பாயின் விளிம்பில் ஸ்கோப்பை ஊன்றினாள். “இப்ப பாருங்க. ஒரு ஆளாவது பாருங்க.”

றம்ஸியா ஏதோ கதைத்துக்கொண்டே எழும்பினாள். இரண்டு எட்டுத் தள்ளி நின்றாள். யதுசா கோப்பையோடு எழும்பி மறுபக்கம் போனாள். றினாஸ் பாயைக் காலால் ஒதுக்கினான்.

“பகிடி விடாதீங்க.”

“ஆரு பகிடி விட்ட?” றம்ஸியாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “வாறம் எண்டுதானே சொல்றம்.”

இன்ஷிரா அவளை நோக்கி ஓரடி வைத்தாள். றம்ஸியா ஓரடி விலகினாள். பேச்சை நிறுத்தாமல். திரும்பாமல். யதுசா ஓரடி நெருங்கினாள், அவ்வளவுதான். வட்டம் அப்படியே இருந்தது.

மூவரும் கடற்காற்றுக்கு முகம் கொடுத்து நின்றார்கள். யதுசாவின் முகம் மட்டும் அவள் பக்கம் இருந்தது. கண்கள் அவளைத் தாண்டிப் போயின.

“யதுசா, என்னப் பாருங்க. யதுசா!”

“ஓம் அக்கா” என்றாள் யதுசா. கடலைப் பார்த்து.

அலுமாரி வாடை. மிகக் கிட்ட. தோளுக்குப் பக்கத்தில்.

அவள் மெல்லத் திரும்பினாள்.

ஸ்கோப்பைத் தொட யாரும் இல்லை. கண் வைக்கும் இடத்தில் இருந்த கறுப்பு ரப்பர் வளையம் உள்ளே அமுங்கியது. யாரோ குனிந்து முகத்தை அழுத்தினால் அமுங்குவதுபோல. கண்ணாடியில் புகை படியவில்லை.

குழாய் அசைந்தது. றம்ஸியாவின் முதுகில் போய் நின்றது. பிறகு றினாஸ். பிறகு யதுசா. ஒவ்வொருவரிடமும் ஒரு நொடி. எண்ணுகிறவர்கள் நிற்கும் அதே ஒரு நொடி.

காலையிலிருந்து அவள் கேட்டது ஒரு கண்தான்.

குழாய் அவள் பக்கம் திரும்பியது. முன் கண்ணாடியில் அவள் தெரிந்தாள், சின்னதாய், ஒற்றைச் செருப்போடு.

குழாய் அதற்குமேல் நகரவில்லை.

“ஓம்” என்றது, ரப்பர் வளையத்தின் பின்னாலிருந்து.

அவளைச் சுற்றி மூவரும் இன்னும் ஓரடி விலகி நின்றார்கள்.