காலரில் ஒட்டிய மெரூன் பொட்டு

அமலதாஸ் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பானர். எம்ப்ராய்டரி மிஷினில் ஒரு பொன்னாடை பாதியில் நின்றிருந்தது. அதில் கட்சித் தலைவரின் முகம் மூக்கு வரைக்கும் வந்திருந்தது. மீசை வருவதற்குள் கொலை விழுந்துவிட்டது!

திண்டிவனம். அமலதாஸின் எம்ப்ராய்டரி கடை. காலை ஒன்பதே கால்.

மிஷின் ஆப்பரேட்டர் பாஞ்சாலிதான் முதலில் பார்த்தாள். கதவைத் தள்ளினாள்... அலறினாள்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜெகதீசன் வந்தார். பிணத்தை ஒரு சுற்று சுற்றினார். குனிந்தார்.

சட்டைக் காலரில்... ஒரு ஸ்டிக்கர் பொட்டு!

மெரூன் கலர். பட்டாணி சைஸ்.

இறந்தவரின் மனைவி சூசை மேரியிடம் காட்டினார்.

"நான் பொட்டே வெக்கிறதில்லீங்க" என்றாள் அவள்.

ஜெகதீசன் மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே ஏழு அட்டை பொட்டு. அதே மெரூன்!

சூசை மேரியின் அழுகை நின்றது. முப்பது வருஷத்தில் புருஷன் அவளுக்கு ஒரு ஹேர்பின் கூட வாங்கித் தந்ததில்லை.

ஜெகதீசன் அறையில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அங்கே மெரூன் பொட்டு இருந்த ஒரே நெற்றி... பாஞ்சாலியுடையது.

கள்ளக்காதல் கேஸ். பதினோரு நிமிஷத்தில் முடிந்தது!

ஸ்டேஷன் வாசலில் டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். மர்மப் பெண்ணைத் தனிப்படை தேடி வருவதாகவும், முக்கியத் தடயம் ஒன்று சிக்கியிருப்பதாகவும், அது என்னவென்று இப்போது சொல்ல முடியாது என்றும் ஜெகதீசன் சொன்னார்.

அந்த மர்மப் பெண் சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

உடனே பிடித்துவிட்டோம் என்றால் தனிப்படைக்கு என்ன மரியாதை? அதனால் பாஞ்சாலி சாயந்திரம் நாலு மணிக்கு பொம்மையார்பாளையம் கடற்கரையில் சுற்றி வளைக்கப்படுவாள் என்று முடிவாகியிருந்தது. ஐந்து மணிக்கு மாஜிஸ்ட்ரேட். அப்புறம் ஜெயில்.

நாலரைக்கு அவள் மகள் சங்கவி ஸ்கூல் விட்டு வருவாள். வீட்டுச் சாவி பாஞ்சாலியின் இடுப்பில் இருந்தது.

"சார், அந்தப் பொட்டு ஃப்ளாப்பிக்கு" என்றாள் பாஞ்சாலி.

"எதுக்கு?"

"ஃப்ளாப்பிக்கு சார். அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல சொருகுவாங்களே, அந்த சதுர பிளாஸ்டிக் அட்டை. நம்ம மிஷின் பழசு. டிசைனை ஃப்ளாப்பியிலதான் போட்டுத் தரணும். அதுவும் ஒத்தை ஓட்டை ஃப்ளாப்பிதான் அதுக்குப் புரியும். அது இப்போ எங்கேயும் கிடைக்கிறதில்ல. கிடைக்கிறதெல்லாம் ரெட்டை ஓட்டை. ரெண்டாவது ஓட்டைய மூடிட்டா, ஒத்தை ஓட்டைன்னு மிஷினு நம்பிக்கும்."

"அதுக்கு செல்லோடேப் இல்லியா?"

"சூட்டுல உரிஞ்சி உள்ளே மாட்டிக்குது சார். ஸ்க்ரூ டிரைவர் வெச்சி நோண்டி நோண்டி அரை நாள் பேஜாரு. பொட்டுன்னா கம்முனு ஒட்டிக்கினு நிக்கும். முதலாளிதான் கண்டுபிடிச்சாரு. மொத்தமா வாங்கி வெச்சிருந்தாரு."

ஜெகதீசன் லேடி கான்ஸ்டபிள் இசைவாணியைப் பார்த்துச் சிரித்தார். "ஃப்ளாப்பிக்குப் பொட்டு வெப்பாங்களாம். பூவும் வெப்பியாம்மா?"

கட்சி ஆர்டருக்கான தலைவர் முகம் இருக்கிற ஃப்ளாப்பி மிஷினில் இல்லை, யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று பாஞ்சாலி மூன்று முறை சொன்னாள். ஜெகதீசன் மூன்று முறையும் எழுதிக்கொள்ளவில்லை. கொலை கேஸில் பிளாஸ்டிக் சாமானைத் தேடச் சொல்கிறாளே என்று இசைவாணியிடம் குறைபட்டுக்கொண்டார்.

மணி மூன்றரை.

வாசலில் ஜீப் ஸ்டார்ட் ஆனது. கடற்கரைக்கு!

அப்போது...

மேஜை மேல் இருந்த பாஞ்சாலியின் செல்போன் அடித்தது!

திரையில் 'சீனு அண்ணன்'.

யார் என்று கேட்டார் ஜெகதீசன். சீனுவாசன், முதலாளியோடு முன்பு பார்ட்னராக இருந்தவர், சண்டை போட்டுப் பிரிந்து விழுப்புரத்தில் தனிக் கடை போட்டிருக்கிறார், போன மாதம்தான் இதே மாதிரி ஒரு பழைய மிஷினை வாங்கினார் என்றாள் பாஞ்சாலி.

"ரெண்டாவது கள்ளக்காதலனா? ஸ்பீக்கர்ல போடு" என்றார் ஜெகதீசன் உற்சாகமாக.

இசைவாணி அழுத்தினாள்.

"பாஞ்சாலி, டிவியில பார்த்தேம்மா. பாவம் மனுஷன். எவளோ மர்மப் பெண்ணாமே. இன்னும் தேடிக்கினுதான் இருக்காங்களாம். நீ வீட்டுல தானே கீற?"

பாஞ்சாலி ஜெகதீசனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"ஆமாண்ணே. வீட்டுலதான்."

"சரி சரி, அழுவாத. அப்புறம்... ஒரு சின்ன டவுட்டு. நம்ம மிஷினு ஒரு ஃப்ளாப்பிய எடுக்கவே மாட்டேங்குது. எரர் எரர்னு கத்துது. காலையிலேர்ந்து பார்க்குறேன். நாளைக்கு டெலிவரி."

"மிஷினோட வந்த ஃப்ளாப்பியாண்ணே?"

"அதெல்லாம் நல்லா ஓடுது. இது... வேற ஒண்ணு."

"வலது பக்கத்து ஓட்டை மேல பொட்டு இருக்குதா பாருங்க."

"பொட்டா? இருந்துச்சி. பொம்பளைங்க கண்ணாடியில, பாத்ரூம் கதவுல ஒட்டுவீங்களே, அந்த மாதிரி நீ ஒட்டி வெச்சிருக்கேன்னு நெனச்சி பிச்சு எறிஞ்சிட்டேன்."



பாஞ்சாலி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அது இல்லாம ஓடாதுண்ணே. அதையே எடுத்து ஜல்தியா ஒட்டிடுங்க."

"அத எங்கேர்ந்து எடுக்கறது? அதான் அவரு காலர்ல..."

சீனுவாசன் இருமினார்.

"...எங்கனா விழுந்திருக்கும்" என்று முடித்தார் சீனுவாசன்.

இசைவாணி எழுந்து நின்றுவிட்டாள். ஜெகதீசன் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். காலர்... பொட்டு... ஃப்ளாப்பி... ஆர்டர்! டிவியில் சொல்லாத தடயம், தேடாத ஃப்ளாப்பி, இரண்டுமே விழுப்புரத்திலிருந்து அவர் மேஜைக்கு போன் போட்டு வந்திருந்தன!

தொப்பியை எடுத்தார். டிரைவருக்குச் சைகை காட்டினார். கடற்கரை கேன்சல்.

"பாஞ்சாலி? லைன்ல கீறியா?"

"இருக்கேண்ணே." பாஞ்சாலி இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "மிஷின ஆஃப் பண்ணாம அப்படியே வெச்சிருங்க. நீங்க அலைய வேணாம், சர்வீஸுக்கு நாலு பேரு ஜீப்புல வந்துக்கினு இருக்காங்க."