செல்லத்தம்பி சொன்ன ஓம்

பெருநாளைக்கு மறுநாள் கல்முனையில் யாருக்கும் கால் வீட்டில் தங்காது. கடலுக்குப் போகிறவர்கள் கடலுக்குப் போவார்கள். மற்றவர்கள் சவளக்கடைக்கு அப்பால் இருக்கும் பழைய கல்குவாரிக்குப் போவார்கள். வெடிவைத்து வெடிவைத்து மலையைப் பாதி தின்றுவிட்டு முதலாளி போய்ப் பல வருடமாகிறது. குடைந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சைக் குளமாகிவிட்டது. அதில் இப்போது டயர் டியூப் போட்டு மிதக்கிறார்கள், கரையில் புரியாணிப் பார்சலைப் பிரிக்கிறார்கள், செல்பி எடுக்கிறார்கள். அடியில் ஒரு மனிதன் கிடக்கிறான் என்று யாரும் நினைப்பதில்லை. நினைத்தாலும் புரியாணி இறங்காமல் போகாது.

நிப்றாஸ் இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

இந்த முறை மகள் அப்னா விடவில்லை. அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ்.

"கலியாணத்துக்கு மறுகா எனக்கு எங்க வாப்பா நேரம்? ஒருக்கா வாங்களன்" என்று மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஒரே பிள்ளை. அவர் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

போய்ச் சேரும்போது நாலு மணி. வெட்டிய மலை சுவர் மாதிரி எதிரே நின்றது. அதன் நிழல் பாதிக் குளத்தை மூடியிருந்தது. கூட்டமெல்லாம் மலைக்கு முன்னால்தான். பேரைச் சொல்லிக் கத்தினால் மலை திருப்பிச் சொல்லும். அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

"அப்னா!" என்று அவளும் கத்தினாள்.

"அப்னா... ப்னா..." என்றது மலை. அவள் கைதட்டிச் சிரித்தாள்.

நிப்றாஸுக்கு மூக்கில் வெடிமருந்து நாற்றம் ஏறியது. சுற்றிப் பார்த்தார். வேறு யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

தாகம் தீர்க்கக் கரையோரக் கடைக்குப் போனார்கள். கச்சானும் சோடாவும் விற்றுக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். சோடாவை நீட்டியவள் போத்தலை விடாமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க நிப்றாஸ் காக்காதானே? குவாரியில பேர் கூப்பிட்ட ஆள்?"

"நீங்க ஆரு புள்ள?"

"செல்லத்தம்பிட மகள். தர்சினி."

அவர் சோடாவைக் குடிக்கவில்லை.

குவாரியில் வெடி வைக்குமுன் ஒரு வழக்கம் இருந்தது. நிப்றாஸ் கீழே, பள்ளத்துக்கு வெளியே நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பள்ளத்தை விட்டு வெளியேறியவன் "ஓம்" என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லாப் பேருக்கும் ஓம் வந்தால்தான் மேலே நிற்கும் வெடிகாரன் திரியில் நெருப்பு வைப்பான்.

விடிந்தால் பெருநாள். மஃரிப் தொழுகைக்கு முன் வீட்டுக்குப் போகிற அவசரம் அவருக்கு. செல்லத்தம்பியை இரண்டு தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. மூன்றாம் தரம் கூப்பிடச் சோம்பல். எங்காவது பீடி குடித்துக்கொண்டு நிற்பான் என்று நினைத்தார். மேலேயிருந்து வெடிகாரன், "எல்லாரும் வெளியதானே?" என்று கத்தினான்.

"ஓம்!" என்றார் நிப்றாஸ்.

அந்த ஓம் மலையில் பட்டு, "ஓம்" என்று திரும்பி வந்தது. வரிசையில் நின்றவர்கள் அதைச் செல்லத்தம்பி சொன்னதாக நினைத்தார்கள். வெடி வெடித்து, உள்ளே நின்ற செல்லத்தம்பியின் மேல் மலை இடிந்து விழுந்தது. அவன் உடம்பைக்கூட எடுக்க முடியவில்லை.

விசாரணையில் ஒருவர் விடாமல் ஒரே வாக்குமூலம்: "அவன் ஓம் எண்டவன். நாங்க எல்லாரும் கேட்டம்." ஓம் என்றவன் ஏன் திரும்பி உள்ளே போனான்? குடிவெறியில் போயிருப்பான் என்று முடிவாயிற்று. அது யாருடைய ஓம் என்று தெரிந்த ஒரே ஆள் நிப்றாஸ். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சாராயத்தைக் கையால் தொடாதவன் செல்லத்தம்பி. அதுவும் அவருக்குத் தெரியும்.

"அம்மா சாகுமட்டும் குடிகாரன்ட பொஞ்சாதி எண்டுதான் ஊர் சொன்ன" என்றாள் தர்சினி. அழவில்லை. "ஆர்ட பேரக் கத்தினாலும் இந்த மலை திருப்பிச் சொல்லுது. அப்பாட பேர மட்டும் சொல்லுதில்ல. நீங்க ஒருக்கா கூப்பிட்டுப் பாருங்க காக்கா. அண்டைக்குக் கூப்பிட்டது நீங்கதானே."

"கூப்பிடுங்களன் வாப்பா" என்றாள் அப்னா, ஒன்றும் புரியாமல்.

அவர் மலையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"செல்லத்தம்பி!"

மலை பேசவில்லை.

டியூபில் மிதந்தவர்களின் சிரிப்பும் நின்றுபோயிருந்தது. தண்ணீர் அசையவில்லை. வெடிமருந்து நாற்றம் தொண்டைவரை வந்தது.

தர்சினி கிட்ட வந்தாள். மெல்லக் கேட்டாள்.

"அண்டைக்கு அப்பா ஓம் எண்டவரா காக்கா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். அந்தப் பிள்ளையின் தகப்பன் குடிகாரனாக இல்லாமல் போவான். ஆனால் பக்கத்தில் மகள் நிற்கிறாள். அடுத்த மாதம் சம்பந்தம். நாலு பேர் காதில் விழுந்தால்?

"ஓம்" என்றார், தனக்கே கேட்காத குரலில்.

"ஓம்!"

மலை முழக்கிச் சொன்னது. கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாப்பா" என்று அப்னா அவர் கையைப் பிடித்தாள். "அது உங்கட குரல். வாலிபக் குரல்."

தர்சினி மலையிலிருந்து கண்ணை எடுத்து அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அண்டைக்கு ஓம் எண்டது நீங்கதான்."

அவர் மகளை இழுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தார்.

"காக்கா, பழி வாங்க வரல்ல" என்று பின்னாலேயே வந்தாள் தர்சினி. "அந்த ஓம் அப்பா சொன்னதில்ல எண்டு ஊருக்கு ஒருக்காச் சொல்லுங்க. அது காணும், வேற ஒண்டும் வேணாம்."

"கலியாணம் முடியட்டும் புள்ள. பாப்பம்."

பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும்.

அதன் பிறகு நிப்றாஸ் ஓம் என்று சொல்வதையே விட்டுவிட்டார். மனைவி தேத்தண்ணி வேணுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். அப்னா குவாரியைப் பற்றி இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் எழுந்து போய்விட்டார்.

நிக்காஹ் பள்ளிவாசலில், அசர் தொழுகைக்குப் பிறகு. நாலு மணி. வெள்ளைத் தொப்பிகள் நிறைந்திருந்தன. அத்தர் வாசம்.

அதற்கு அடியில் இன்னொரு வாசம்.

பதிவாளர் புத்தகத்தை விரித்தார். அதில் படிந்திருந்த வெள்ளைத் தூசியை ஊதிவிட்டு நிமிர்ந்தார்.

"மகள் அப்னாவ இவருக்கு நிக்காஹ் செய்து குடுக்கச் சம்மதமா?"

நிப்றாஸ் தலையை ஆட்டினார்.

"தலையாட்டினாக் காணாது. வாயால சொல்லுங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். உதட்டைத் திறக்கவே இல்லை.

"ஓம்."

பின்னாலிருந்து, கல்தூசி அடைத்த தொண்டையிலிருந்து வந்தது. அந்தக் குரல் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் அவர் செல்லத்தம்பி என்று கூப்பிட, பதில் சொன்ன குரல்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றது சபை. பதிவாளர் எழுதத் தொடங்கினார்.

நிப்றாஸ் அவர் கையைப் பிடித்தார். "நான் சொல்லல்ல. அது நான் இல்ல. வல்லாஹி, நான் வாயே திறக்கல்ல."

பதிவாளர் சிரித்தார். சபையிலும் சிரிப்பு எழுந்தது. ஒரே மகளைக் கொடுக்கிற தகப்பனுக்கு இப்படித்தான் இருக்கும் என்று முன்வரிசையில் யாரோ முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"என்ன காக்கா கதைக்கிறீங்க?" என்றார் பதிவாளர். "நாங்க எல்லாரும் கேட்டமே."