காதில்லாத யானை

"கேன்சர் செல்லுக்குள்ள புரதம் செய்யற பட்டறை ஓயாம ஓடுதும்மா. இந்தச் சோதனை மருந்து அதை நிறுத்தும்."

"கேன்சர்ல மட்டுமா டாக்டர்?"

"வேகமா வளர்ற எடத்துல எல்லாம். அதனாலதான் முடி கொட்டும்."

சென்னை டாக்டரும் தன் மனைவி அமுதவள்ளியும் ஆறு வாரத்துக்கு முன் பேசியதைத் தங்கராசு வரி விடாமல் ஒப்பித்தான். சொர்ணாம்பாள் கண்ணை மூடிக் கேட்டாள். அவன் பீங்கான் பொம்மைப் பட்டறையில் சூளை பார்ப்பவன். அவள் அங்கே ஒவ்வொரு பொம்மையையும் விரலால் தட்டி, ஓசையிலேயே விரிசலைச் சொல்லிவிடுபவள்.

1994, ஆகஸ்ட் 9. காலை 9.10. விருத்தாசலம், தங்கராசுவின் வீடு.

மேசையில் டாக்டரின் கடிதம். 'மூன்று வாரமாக ரத்தத்தில் மருந்தே இல்லை. புட்டியில் இருப்பதோ அசல் மருந்து.'

"மாப்ள அடுத்த கல்யாணத்துக்கு ரெடியாவுறாரு," என்றான் அமுதவள்ளியின் அண்ணன் சாமிதுரை. "மத்தியானம் நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"செத்த சும்மா இரு தம்பி," என்றாள் சொர்ணாம்பாள். "தங்கராசு, மருந்த ஊத்தறது யாரு?"

"நான்தாங்க்கா. டம்ளர்ல அளந்து."

"குடிச்சத பாத்தியா?"

"ஆளு நின்னா கொமட்டுதுன்னு அமுதா சொல்லுது. வெளிய நிப்பேன். காலி டம்ளரு வரும்." அவன் குரல் இறங்கியது. "உள்ள ஏதோ கறுக் கறுக்னு மெல்லற சத்தம் கேக்குதுக்கா. எலியும் இல்ல."

9.30. சொர்ணாம்பாள் அறைக்குள் போனாள். ஆண்கள் இருவரும் பின்னால் வந்தார்கள். அமுதவள்ளி கட்டிலில் சாய்ந்திருந்தாள். சாக்கடைத் துளை இல்லை. ஜன்னலில் கொசுவலை அடித்திருந்தது. தரை, தலையணை, பாய் எல்லாம் உலர்ந்தே இருந்தன.

"அப்ப மருந்த பேயா குடிச்சிது?" என்றான் சாமிதுரை.

அலமாரியில் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு போடாத இரண்டு பொம்மைகள். குடம் ஏந்திய ஒரு பெண், காதில்லாத ஒரு யானை. பெண்ணின் முகம் வேர்த்தது போலக் கறுத்திருந்தது. அறையில் மூச்சு விடும் ஐந்தாவது ஆள் போல அது எல்லோரையும் பார்த்தது.

சொர்ணாம்பாள் யானையைத் தட்டினாள். கணீரென்றது. பெண் பொம்மையைத் தட்டினாள். மொத்தென்றது.

"விரிசலா?" என்றான் தங்கராசு.

"ஈரம். கிளேஸ் போடாத மண்ணு, ஊத்த ஊத்த உறிஞ்சிக் காத்துல விட்டுடும். தெனம் இந்தப் பொம்ம கொடத்துலதான் மருந்து விழுந்திருக்குது." அவள் திரும்பினாள். "ஊத்தினது நீதான் அமுதா."

"என் தங்கச்சி சாவறதுக்கா ஊத்துவா?" சாமிதுரை சீறினான்.

"யானையப் பாரு தம்பி. காது ஒடைஞ்சா முனை கூரா இருக்கும். இது வழுவழுன்னு தேஞ்சிருக்குது. கடிச்சிச் சப்பினது. தங்கராசு கேட்ட சத்தம் அதுதான். கேன்சருக்கு யாரு மண்ணு தின்னுவா? மசக்கைக்குத்தான் தின்னுவாங்க."

தங்கராசு யானையை எடுத்து, காது இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

"வேகமா வளர்ற எடத்துல எல்லாம் நிறுத்தும்னு டாக்டர் சொன்னத நீ வெறுமனே ஒப்பிச்சே," என்றாள் சொர்ணாம்பாள். "இவ அத வயித்துல வெச்சிக் கேட்டிருக்கா."

சாமிதுரை மெல்லத் தலை குனிந்தான். தங்கராசு கட்டில் அருகே உட்கார்ந்தான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கலைச்சிடுன்னு சொல்லுவீங்க. நான் பொழைக்கணும்னு."

அமுதவள்ளியின் உதட்டோரம் வெள்ளை மண் ஒட்டியிருந்தது. மூன்று வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அவள் வாய்விட்டுக் கேட்டாள்.

"இது பொறக்கற வரைக்கும் அந்த டம்ளர எடுத்துக்கிட்டு வராதீங்க."