நாற்பத்து மூன்றாவது இணைப்பு

தெருவில் மொத்தம் நாற்பத்து மூன்று வீடு. நாற்பத்திரண்டில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று, கோயில் குளத்தை ஒட்டிய கடைசி வீடு.

ஹெலன் அந்த வீட்டு கேட்டைத் தள்ளும்போது மத்தியானம் இரண்டரை மணி. ஐந்து மாசமாகக் கோவளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இந்தத் தெருவில் ஏறி இறங்குகிறாள். செப்டிக் டேங்கை மூடிவிட்டுப் புதுப் பாதாள சாக்கடையில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் பேச வேண்டும், விண்ணப்பம் எழுதித் தர வேண்டும், குழாய் போட்டு முடிக்கும்வரை கூட நிற்க வேண்டும். லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சிறுசேரி ஐ.டி. கம்பெனிக்கு கேப் பிடிக்க ஓடுகிறவர்களை மறித்துப் பேசிப் பார்த்தால் தெரியும்.

வேலையை வாங்கிக் கொடுத்தது வரதன். டேங்க் உறிஞ்சும் லாரி இரண்டு வைத்திருக்கிறான், இந்தத் தெருவுக்குக் குழாய் இணைக்கிற காண்டிராக்டும் அவனுடையதுதான். ஒரு காலத்தில் ஹெலனின் புருஷன் ஜான்சனும் அவனும் ஜோடியாக டேங்க் சுத்தம் செய்யப் போனவர்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஜான்சன் எவளோடோ சூரத்துக்கு ஓடிப்போனான். அதை வந்து சொன்னவனும் வரதன்தான். அன்றிலிருந்து கூடப்பிறந்தவன் மாதிரி நிற்கிறான். ஜான்சன் பேரை யாராவது எடுத்தால் ஹெலன் காறித் துப்புவாள். கல்யாண போட்டோவை அடுப்பில் போட்டுக் கொளுத்தியவள் அவள்.

"அந்தக் கடைசி வூட்ட வுட்டுடு ஹெலனு. பூட்டின வூடுன்னு எழுதிக்கோ" என்று வரதன் இரண்டு தடவை சொல்லியிருந்தான். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஐந்து மாசம் நாயாக அலைந்துவிட்டு ஒரு வீட்டுக்காக லிஸ்டைக் குறையோடு கொடுப்பதா?

கதவைத் திறந்தது ரங்கநாயகி. பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவள். புருஷன் வேதாந்தம் போன வருஷம் காலமாகிவிட்டார். அந்தப் பெரிய வீட்டில் அவள் மட்டும்தான்.

"எங்களுக்கு வேண்டாம்மா. டேங்க் நன்னாத்தான் இருக்கு."

"எல்லாரும் சேந்துட்டாங்க மாமி. டேங்க் எங்க கீதுன்னு காட்டுங்க, போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"தெரியாதே. அவருக்குத்தான் தெரியும்."

இந்தப் பதிலை ஹெலன் நூறு தடவை கேட்டிருக்கிறாள். தளம் போட்டு மூடிவிட்டு எங்கே இருக்கிறது என்று மறந்துபோகிற வீடுகள் நிறைய. அதற்காகவே பையில் ஒரு இரும்புக் கம்பி வைத்திருந்தாள். தரையைத் தட்டிக்கொண்டே போனால் டேங்க் இருக்கும் இடத்தில் சத்தம் மாறும்.

கொல்லைப்புறம் முழுக்க சிமெண்ட் தளம். நாலு பக்கமும் உயரமான சுவர். கடல் காத்து எங்கோ தென்னை மட்டையை ஆட்டிக்கொண்டிருந்தது, இங்கே மட்டும் ஒரு இலை அசையவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தும் தளத்தில் கால் வைத்தால் சில்லென்று இருந்தது.

தட்டினாள். கெட்டி.

இன்னும் ரெண்டடி தள்ளித் தட்டினாள். கெட்டி.

சுவரோரம், டேங்க் காத்து போகிற நெட்டைக் குழாய்க்குப் பக்கத்தில் தட்டினாள். டொம்மென்றது.

"இங்கதான் மாமி" என்று திரும்பினாள்.

டொம்.

இந்தத் தடவை அவள் தட்டவில்லை. கம்பி கையிலேயே இருந்தது.

டொம். டொம்.

கீழேயிருந்து வந்தது.

எலியாக இருக்கும், தண்ணியாக இருக்கும் என்று என்னென்னவோ நினைத்துப் பார்த்தாள். அப்போதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது. சாக்கடை வாடை இல்லை. கற்பூரம் போட்டுக் காய்ச்சின தேங்காய் எண்ணெய். டேங்கில் இறங்குமுன் உடம்பெல்லாம் தடவிக்கொள்வதற்காக ஜான்சனுக்கு அவள் கையால் காய்ச்சிக் கொடுத்த எண்ணெய்.

"எலனு."

குழாயிலிருந்து வந்தது குரல். அவன் வாய்க்கு 'ஹ' வராது. உலகத்தில் அவளை அப்படிக் கூப்பிட்டவன் ஒருத்தன்தான்.

"எலனு... நீயுமா நம்புன?"

கம்பி கை நழுவி விழுந்தது. எப்படி முன்வாசலுக்கு ஓடிவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. போனை எடுத்தாள். பதினோரு வருஷமாக எந்தக் கஷ்டம் வந்தாலும் எந்த நம்பரைப் போடுவாளோ, அதையே போட்டாள். பழக்கம், வேறென்ன.

"வரதண்ணாத்த, குளத்து வூட்டு டேங்க்ல யாரோ கீறாங்க. ஜான்சன் கொரலு மாதிரியே கீது. தொறக்கணும், சீக்கிரம் வா!"

வரதன் மெதுவாகப் பேசினான். "வெயில்ல சுத்திகினு இருந்தா இப்டித்தான். நீ வூட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ரங்கநாயகி தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"உனக்கும் கேட்டுதா?" என்றாள் ரகசியமாக. "எனக்கு மட்டும்தான் கேக்கறதுன்னு நெனச்சிண்டிருந்தேன்."

"யாரு மாமி அது?"

"பதினோரு வருஷம் முன்னாடி டேங்க் சுத்தம் பண்ண ரெண்டு பேர் வந்தா. ஒருத்தன் உள்ள எறங்கினான். கொஞ்ச நாழில சத்தமே இல்ல. மேல இருந்தவன் எட்டிப் பாத்தான். கயித்தை உள்ள போட்டுட்டு மூடியைத் தள்ளிட்டான். போலீஸ் கேஸ் வரும்னு எங்காத்துக்காரருக்கு பயம். சாயங்காலமே சிமெண்ட் பூசியாச்சு." ரங்கநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பூசிண்டிருக்கச்சே உள்ளேர்ந்து தட்டினான்மா."

"உசுரோடயா?"

"தட்டினான்."

"மேல இருந்தவன் யாரு?"

"இப்போ போன் போட்டியே. அவன்தான்."

ஹெலன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அடப்பாவி! என் கையால் எத்தனை வேளை சோறு போட்டிருப்பேன் உனக்கு! தீபாவளிக்குப் புடவை, கிறிஸ்மஸுக்குக் கேக் என்று வாசலில் வந்து நின்றாயே! அவனை விட, தன்னை நினைத்துத்தான் அவளுக்குப் பற்றி எரிந்தது. புருஷன் உள்ளே கிடந்து தட்டிக்கொண்டிருக்க, இவள் வெளியே உட்கார்ந்து பதினோரு வருஷம் அவனைச் சபித்திருக்கிறாள்.

அன்று சாயங்காலமே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். எழுத்தர் பழைய கட்டைத் தேடி ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "புருஷன் வுட்டுட்டுப் போய்ட்டான்னு நீயே எழுதிக் குடுத்துகீறியேம்மா." வரதன் எழுதி எடுத்துவந்த தாள். கீழே அவள் கையெழுத்து, அழகாக, முழுசாக.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் சாக்கடைத் திட்ட ஆபீஸ் இன்ஜினியர் சியாமளா மேடத்தைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். கொல்லைப்புறத்தில் தளம் உடைந்து கிடந்தது. டேங்க் திறந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. கழுவித் துடைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

விடியும்போதே வரதன் லாரி வந்துவிட்டுப் போயிருக்கிறது. வாசலிலிருந்து தெருவின் புது மேன்ஹோல் வரை பெரிய ஹோஸ் இழுத்த ஈரம் இன்னும் காயவில்லை. டேங்கில் இருந்ததை எல்லாம் அதிலேயே கொட்டியிருக்கிறான்.

"மாமி, நேத்து சொன்னத மேடம் கிட்ட சொல்லுங்க!"

ரங்கநாயகி அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நான் என்ன சொன்னேன்? பாவம், இந்தப் பொண்ணு வெயில்ல மயங்கி விழுந்துடுத்து." பிறகு விண்ணப்பத்தை நீட்டினாள். கையெழுத்துப் போட்டிருந்தது. "நாங்களும் சேந்துடறோம்."

லிஸ்ட் நிறைந்துவிட்டது. ஹெலன் அந்தத் தாளை வாங்காமலே தெருவில் இறங்கி நடந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் போன் அடித்தது. ஏழாம் நம்பர் வீட்டு ஹம்சினி.

"அக்கா, பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டைலேர்ந்து யாரோ பேசறாங்கக்கா. என் பையன் ஜெயந்துக்கும் கேட்டுச்சு."

அதை வைப்பதற்குள் இன்னொரு வீடு. அப்புறம் இன்னொன்று. பதினைந்தாம் நம்பரில் குழந்தைக்குக் காய்ச்சல். முப்பதாம் நம்பரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தாம்பரத்துக்குப் போய்விட்டார்கள். எல்லாருக்கும் ஒரே குரல், 'எலனு' என்று ஒரே பேர். தனித்தனி டேங்காக இருந்தவரை ஒரு வீட்டோடு கிடந்தது. இப்போது தெருவே ஒரு குழாய். அந்தக் குழாயை வீடு வீடாகக் கெஞ்சி இணைத்து வைத்தவள் ஹெலன்தான்.

அவள் குடியிருக்கிற இடத்தில் எந்த இணைப்பும் கிடையாது. ஜான்சனிடம் பேச வேண்டுமென்றால் அடுத்தவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். யார் வீட்டுக்கு என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தெருமுனையில் வரதன் கட்டியிருக்கும் மாடி வீடு. இந்தத் தெருவின் முதல் இணைப்பு அதற்குத்தான், மாலை மரியாதையோடு கொடுத்தார்கள்.

அன்று ராத்திரி அவள் தட்டியதும் வரதன் கதவைத் திறந்தான். இரண்டு ராத்திரியாகத் தூங்காத கண்.

"இன்னா ஹெலனு, இந்நேரத்துல?"

"பாத்ரூம் போவணும் அண்ணாத்த."

அதற்கு என்ன காரணம் சொல்லி மறுப்பான்? அவள் அவனைத் தாண்டி உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

தண்ணீர் போகும் ஓட்டையில் பழைய லுங்கியைத் திணித்து, மேலே ரெண்டு செங்கல்லை ஏற்றி வைத்திருந்தான். ஹெலன் செங்கல்லை நகர்த்தினாள். துணியைப் பிடித்து இழுத்தாள். குனிந்து ஈரத் தரையில் கையூன்றி, வாயை அருகில் கொண்டுபோனாள்.

"நம்பிட்டேன்யா" என்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "கையெழுத்தும் போட்டுட்டேன். நான் ஒரு முண்டம்யா."

கீழே வெகு ஆழத்தில் ஏதோ நகர்ந்தது. மெல்ல மேலே ஏறியது.

வெளியே வரதன் கதவைத் தட்டினான். "யார் கூட பேசிகினுகீற?"

ஓட்டைக்குள் சத்தம் நின்றது.

"வெளிய அவனா?"

"ஆமா."

"உள்ள வரச் சொல்லு."

ஹெலன் எழுந்தாள். புடவையைச் சரி செய்துகொண்டாள். தாழ்ப்பாளை விலக்கிக் கதவை அகலமாகத் திறந்தாள்.

"அண்ணாத்த, உன்னத்தான் கூப்புடறாரு."