கலுபா வாங்காத மெஷின்

சனிக்கிழமை, காலை 11.40.

மாதர் சபைக் கூட்டம் முடிந்து வீடு திரும்பிய பெலீசியா கார் ஷெட்டின் கதவைத் திறந்தாள். முதலில் புகை வந்தது. புகை விலகியபோது கணவர் தெரிந்தார்.

யோசபாத் கலுபா, வயது அறுபத்தொன்று, சிங்கோலாச் செம்புச் சுரங்கத்தில் ஷிப்ட் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். உதடும் நகக்கண்ணும் இயல்புக்கு மாறாகச் சிவந்திருந்தன. வலது கையில், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷரின் துப்பாக்கிப் பிடி. பக்கத்தில் புத்தம் புதிய மெஷின், பெட்ரோல் தீர்ந்து தானாக நின்று போயிருந்தது.

பகல் 12.25.

இன்ஸ்பெக்டர் சோண்டிவே ஜெரே வந்து சேர்ந்தபோது தெருவெங்கும் ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. ஒன்பது மணிக்குப் போன கரண்ட் ஒரு மணிக்குத்தான் வரும். அந்த இரைச்சலில் ஷெட்டுக்குள் இன்னொரு இன்ஜின் ஓடியது யார் காதிலும் தனியாக விழுந்திருக்காது.

"விபத்துதான் மேடம்," என்றார் கான்ஸ்டபிள் சின்யாமா. "புது மெஷின ஓட்டிப் பார்க்குற ஆசையில கதவைத் திறக்க மறந்துட்டாரு."

"எத்தனை வருஷம் பூமிக்கு அடியில வேலை பார்த்தாரு?"

"முப்பத்தொண்ணு."

"காத்து கெட்டுப்போனா மனுஷன் என்ன ஆவான்னு அவருக்குத் தெரியாதா?"

ஜெரே குனிந்து ஷெட்டைப் பார்த்தாள். தரையில் செம்மண் தூசி மாவு போலப் படிந்திருந்தது. அவள் ஷூவின் தடம் அதில் அச்சாக விழுந்தது. தண்ணீர்க் குழாய் சுருள் சுருளாக மூலையில் கிடந்தது. அதைச் சுற்றிக் கடையில் ஒட்டிய காகிதப் பட்டைகூடக் கிழியவில்லை. பெட்டியும் பஞ்சு அட்டையும் சுவரோரம். அவள் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டாள்.

அன்று மாலைக்குள் சின்யாமாவே தன் பேச்சை மாற்றிக்கொண்டார். பக்கத்து மனையில் கார் கழுவும் கடை வைத்திருந்த கபோட்வேக்கும் கலுபாவுக்கும் போன மாதம் பெரிய சண்டை நடந்திருக்கிறது. கார் கழுவிய சேற்றுத் தண்ணீர் கலுபாவின் வெள்ளைச் சுவரில் அடித்து முழங்கால் உயரத்துக்குச் சிவப்பாக்கிவிட்டதாம். அந்தக் கறையைப் போக்கத்தான் கலுபா மெஷினே வாங்கினார். இன்ஜின் கைவந்த ஆள், பகையும் உண்டு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கபோட்வேயைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்.

கபோட்வே ஜெரேயைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். "எலி தின்னுற ஊர்லேருந்து வந்து என்னைய விசாரிக்கிறீங்களாக்கும்."

"குரங்கு தின்னுற ஆளுங்கள விசாரிக்க வேற யாரு வருவா," என்றாள் ஜெரே. அவர்கள் இருவரின் இனத்தாரும் இப்படிச் சீண்டிக்கொள்வது தலைமுறைகளாக நடக்கும் கேலிதான். "அவரு வீட்டுக்குள்ள நீ கடைசியா எப்பப் போன?"

"சண்டைக்கு அப்புறம் வாசப்படி மிதிக்கல. நிஜமாத்தான் சொல்றேன். கிழவன் நல்ல மனுஷன் மேடம். கத்துவான், மறுநாள் சிரிச்சுட்டுக் கையாட்டுவான்."

ஞாயிற்றுக்கிழமை, மாலை 3.00.

துக்க வீட்டு வழக்கப்படி சாமான்களை வெளியே போட்டுவிட்டுப் பெண்கள் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் முற்றத்தில் கரியடுப்பைச் சுற்றி இருந்தார்கள். பெலீசியா ஜெரேயைச் சமையலறைக்கு அழைத்துப் போய் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்தாள்.

கலுபா மெஷின் தேர்ந்தெடுத்த கதை முழுவதும் அதில் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக மூன்று முறை கடைக்குப் போயிருக்கிறார்கள். அழுத்தம் நூற்றைம்பது பாருக்கு மேல் போனால் சுவரின் சுண்ணாம்பு பெயர்ந்து வரும், நூற்றிமுப்பது போதும். குழாய் எட்டு மீட்டராவது வேண்டும், இல்லையென்றால் மெஷினைச் சுவரோடு சுவராக இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். தெருக் குழாயில் வேகம் குறைவு, பீப்பாயிலிருந்து உறிஞ்சும் வகையாகப் பார்க்க வேண்டும். கரண்ட் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை இருக்கும், சுவர் கழுவ அந்த நேரம் தாராளம். கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு: 'கரண்ட் மெஷின்தான். இன்ஜின் வேண்டவே வேண்டாம். வாழ்நாளுக்குப் போதுமான புகை குடித்தாயிற்று.'

"அப்படின்னா பெட்ரோல் மெஷின் எப்படி வந்துச்சும்மா?"

பெலீசியாவுக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் இருவரும் கோயிலில் இருந்தபோது மெஷின் வந்திருந்தது. திரும்பும்போது இருட்டிவிட்டது, காலையில் பிரித்துக்கொள்ளலாம் என்று கலுபா படுத்துவிட்டார். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தவன் பெலீசியாவின் தம்பி எவரிஸ்தோ. பின்கட்டு அறையில் தங்கியிருப்பவன், அத்தானோடு அதே சுரங்கத்தில் வெடி வைக்கும் வேலை பார்த்தவன்.

எவரிஸ்தோ மெதுவாகப் பேசினான். பெட்டியை ஷெட்டில் தள்ளியதோடு சரி, பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, உள்ளே என்ன மெஷின் என்றே தனக்குத் தெரியாது என்றான். சனிக்கிழமை எட்டு மணியிலிருந்து மார்க்கெட்டில் இருந்தானாம்.

திங்கட்கிழமை, காலை 9.15.

மெஷின் விற்ற கடையில் இருந்த தெல்மாவுக்குக் கலுபாவை நன்றாக நினைவிருந்தது. அவ்வளவு கேள்வி கேட்ட ஆளை அவள் பார்த்ததில்லை. கரண்ட் மெஷினுக்குத்தான் சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை எண் காட்டாத கடையின் பழைய மேசை போனில் ஓர் ஆண் குரல் அழைத்து, கலுபா பேசுகிறேன், கரண்ட் கட் தாங்கவில்லை, பெட்ரோல் மெஷினே அனுப்பிவிடு என்றது.

"வாங்குறவங்ககிட்ட முக்கியமா என்ன சொல்லுவ?"

"தண்ணியை முதல்ல மாட்டுங்கன்னு. தண்ணி இல்லாம ஓட்டினா நாலஞ்சு நிமிஷத்துல பம்ப் தீஞ்சு போயிடும் மேடம். அந்தம்மாவுக்கு அது மனப்பாடமே ஆயிடுச்சு, நான் ஆரம்பிச்சா அவங்க முடிப்பாங்க."

பகல் 11.00. ஆஸ்பத்திரியிலிருந்து அறிக்கை வந்தது. இன்ஜின் புகையில் இருக்கும் நச்சுக் காற்று; அதோடு இரத்தத்தில் தூக்க மாத்திரை. மாத்திரை பெலீசியாவுடையது, சமையலறை அலமாரியில் இருப்பது. சனிக்கிழமை காலை அவள் ஏழரைக்குக் கிளம்பும்போது கலுபா குடிக்கும் முன்கோயோ என்ற மக்காச்சோளப் பானம் கோப்பையில், மேசையில் ஊற்றி வைத்தபடி இருந்தது.

சின்யாமா பெருமூச்சு விட்டார். "அப்ப அந்தம்மாவா?"

ஜெரே கலுபாவின் வேதப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரு கடிதத்தைக் காட்டினாள். பதினோரு வருடத்துக்கு முன் சுரங்கத்தில் வெடித்துச் செத்த சன்சா என்ற இளைஞனின் வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வருகிறது. புதன்கிழமை ஒன்பது மணிக்குக் கலுபா சாட்சி சொல்ல வேண்டும். அன்று வெடி வைத்தவன் எவரிஸ்தோ. வெடிக்கு முன் காட்டிய எச்சரிக்கைச் சைகையைச் சன்சா கவனிக்காமல் உள்ளே போனான் என்று அப்போது கலுபா எழுதிக் கொடுத்திருந்தார். இம்முறை அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெறப் போவதாகப் போன வாரம் விசாரணைக் குழுவுக்குத் தகவல் அனுப்பியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை, காலை 10.00.

ஜெரே கடையிலிருந்து அதே வகை மெஷின் ஒன்றை வரவழைத்துக் கலுபா வீட்டு முற்றத்தின் நடுவில் வைத்தாள். பெட்ரோல் ஊற்றியிருந்தது. குழாய்ச் சுருள் பக்கத்தில் கிடந்தது. தண்ணீர்க் குழாய் பத்தடி தள்ளி. கபோட்வேயையும் அழைத்து வந்திருந்தார்கள். அவன், பெலீசியா, எவரிஸ்தோ மூன்று பேரும் ஆளுக்கொரு முறை அதை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றாள். ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

கபோட்வே முதலில் குழாய்ச் சுருளை எடுத்தான். ஒரு முனையைத் தண்ணீர்க் குழாயில் மாட்டி மறுமுனையை மெஷினில் திருகி, துப்பாக்கியை அழுத்தித் தண்ணீர் வரும்வரை காத்திருந்தான். பிறகு பெட்ரோல் திறக்கும் குமிழைத் தேடினான். இந்த மாடல் புதுசு என்று முணுமுணுத்தபடி சுற்றிச் சுற்றி வந்தான். டாங்குக்கு அடியில், பின்பக்கம் ஒளிந்திருந்த குமிழ் அவன் கைக்குக் கிடைக்க வெகுநேரம் ஆயிற்று.

பெலீசியா மெஷினைத் தொடவே இல்லை. "தண்ணி மாட்டாம எப்படி ஓட்டுறது? பம்ப் போயிடும்," என்று சொல்லிவிட்டு நின்றாள்.

எவரிஸ்தோ வந்தான். மெஷினின் பின்னால் கையை விட்டான். பார்க்காமலே குமிழைத் திருப்பினான். சோக்கை இழுத்தான். கயிற்றை ஒரே இழுப்பு. இன்ஜின் பிடித்துக்கொண்டது. குழாய்ச் சுருள் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

ஜெரே தானே குனிந்து இன்ஜினை அணைத்தாள்.

"பெட்டியையே பிரிக்கலன்னு சொன்னீங்க."

"சுரங்கத்துல பாக்காத இன்ஜினா?"

"பத்து வருஷமா இதே தொழில்ல இருக்குற கபோட்வேக்குக் குமிழ் கிடைக்கல. உங்க கை நேராப் போச்சு. ஆனா தண்ணி வேணும்னு மட்டும் உங்களுக்குத் தெரியல."

வீட்டுக்குள் இருந்த இருவரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு ஜெரே தொடர்ந்தாள்.

"ஷெட்டுத் தரையில ஒரு சொட்டு ஈரம் இல்ல. குழாயில ஒட்டின பட்டை கிழியல. மெஷினைக் கழட்டிப் பார்த்தோம், பம்ப் உள்ளே உருகிப்போச்சு. அத்தனை கேள்வி கேட்டு வாங்கின மனுஷன் தண்ணி இல்லாம ஓட்டியிருக்க மாட்டாரு. வேற யாரோ அத மெஷினா வாங்கல, புகையா வாங்கியிருக்காங்க. கபோட்வேயோ உங்க அக்காவோ செஞ்சிருந்தா, விபத்து மாதிரி காட்டக் குழாயை மாட்டித் தரையை நனைச்சிருப்பாங்க. மாத்திரை இருந்த அலமாரி உங்க ரெண்டு பேர் கைக்குத்தான் எட்டும். அக்காவுக்குத் தண்ணி விஷயம் தெரியும். மார்க்கெட்டுல இருந்தேன்னீங்க, அங்க உங்கள யாரும் பாக்கல. மிச்சம் நீங்க ஒருத்தர்தான்."

எவரிஸ்தோ அக்காவைப் பார்த்துச் சொன்னான்: "பதினோரு வருஷம் வாய மூடிட்டு இருந்தவரு, இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம்."

சின்யாமா அவனை ஜீப்பில் ஏற்றினார். கபோட்வே யாரும் கேட்காமலே மெஷினிலிருந்து பெட்ரோலை வடித்துவிட்டு ஓரமாக நகர்த்தி வைத்தான்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் ஜெரேக்குப் பிடிபடாமல் இருந்தது. கலுபா தன் முடிவை விசாரணைக் குழுவுக்கு மட்டும்தான் தெரிவித்திருந்தார். அது எவரிஸ்தோ காதுக்கு எப்படிப் போனது? அவள் கேட்கும் முன்பே பெலீசியா பேசினாள்.

"நான்தான் சொன்னேன். போன புதன்கிழமை, கீரை அரிஞ்சிட்டு இருந்தேன், அவனும் பக்கத்துல உக்காந்திருந்தான். வீட்டுல அவரு என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தாரு. திடீர்னு கேட்டா அதிர்ச்சியாகுமே, முன்னாடியே மனசத் தேத்திக்கட்டும்னு சொன்னேன். கீரைய என் கையிலேருந்து வாங்கி அவனே அரிஞ்சான்."

சின்ன வயதிலிருந்து பெலீசியா வளர்த்த தம்பி என்று அக்கம்பக்கத்தார் சொல்ல ஜெரே கேட்டிருந்தாள்.

"நாளைக்கு விசாரணை நடக்குமா மேடம்?"

"ஒம்பது மணிக்கு."

"அவரு என்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்காரு. எத்தனை மணிக்கு வெடிச்சது, யாரு சைகை காட்டல, எல்லாம்."

புதன்கிழமை, காலை 8.50.

விசாரணைக் கூடத்தில் முன்வரிசைப் பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். சன்சாவின் தாய். கறுப்புத் துணி சுற்றிக்கொண்டு வந்த பெலீசியா, எங்கே உட்காருவதென்று தெரியாமல் நடுவழியில் நின்றாள். கூடமே அவளைத்தான் பார்த்தது. சன்சாவின் தாயும் பார்த்தாள், நீண்ட நேரம். பிறகு பெஞ்சில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சற்றே நகர்ந்தாள்.