கை படாத குழாய்

பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஒன்று மட்டும் வெளுத்திருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். நாலு நாளாக இரட்டை ஷிப்ட். உடம்பு அடித்துப் போட்டது போலிருந்தது. கான்கிரீட் அறைக்குள் நாலு மணி நேரம் காமா கதிர் வாங்கிய குழாய்த் தட்டு, இப்போதுதான் உருளைகளின் மேல் தடதடவென்று வெளியே வந்திருந்தது. குழாய்களில் இருந்தது நானோ ஜெல். மருந்தை உடம்புக்குள் சுமந்துபோவதற்காகக் கதிர் பாய்ச்சிச் செய்வது. குளிரில் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். கையில் சற்று நேரம் பிடித்தால் அந்தச் சூட்டுக்கே பாலாக வெளுத்துவிடும்.

ஆனால் யாரும் பிடிக்கவில்லை. ஏசி குளிரில் அவள் விரல்களே விறைத்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழாய் தெளிந்தது. பக்கத்துக் குழாய் வெளுத்தது.

பினாயில் வாசனை அடித்தது. காலையிலும் அடித்ததோ?

கதவருகே ஆணியில், தரை துடைக்கிற அக்காவின் அட்டை தொங்கியது. உள்ளே போகிறவர்கள் மாட்டிவிட்டு, வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்கா தினமும் எடுக்க மறப்பாள். புலி வருது கதையாகிப்போய், அந்த அட்டையை யாரும் சட்டை செய்வதில்லை. அவளும் காலையில் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனாள்.

கதிர் மூலத்தைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மேலே ஏற்றுமுன் அறைக்குள் நடந்துபோய்ப் பின்சுவர்ப் பொத்தானை அழுத்த வேண்டும். ஆள் இல்லை என்று கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் அதை அங்கே வைத்திருந்தார்கள். உள்ளே வழி வளைகிற திருப்பத்தில், பொத்தான் இருக்கும் ஓரம் மட்டும் தெரிய நின்றபடியே நீளக் கழியால் குத்தினால் நடை மிச்சம். சீனியர் அண்ணன் காட்டிக்கொடுத்த குறுக்குவழி. இன்று கால் கடுத்தது. குத்திவிட்டாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, துடைக்கிற அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"காலைல உள்ள துடைக்கப் போறேன்னாங்க. அப்புறம் பாக்கல. ஏம்மா, நீ உள்ள போய்ப் பாத்துட்டுத்தானே கதவ மூடுன?"



"ஆமாண்ணே."

போனை வைத்தாள். அக்காவுக்குக் காது மந்தம். கதிர் ஏறுமுன் ஊதும் அபாயச் சங்கு கேட்டிருக்காது. இடுப்பு வலி வந்தால் பின்சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணை மூடுவாள்.

கதிரை நிறுத்தினாள்; மூலம் தொட்டிக்குள் இறங்கிப் பச்சை விளக்கு எரிந்தது. உயிர்ச் சூடு இருந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று தெளிந்த குழாய் ஒன்றை மூடியில் மட்டும் பிடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வாளி. ஈரத் துடைப்பம். காலையிலும் இங்கேதான் இருந்தன; அக்கா மறந்து வைத்துவிட்டுப் போனவை என்று நினைத்திருந்தாள்.

திருப்பம்.

"அக்கா?"



இன்னும் ஓரடி வைத்தால் பின்சுவர் முழுக்கத் தெரியும். பார்த்தே ஆக வேண்டும். வைக்கவில்லை.

குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள். தெளிவாகத்தான் இருந்தது. பிறகு, அவள் விரல் படாத இடத்தில், ஒரு வெள்ளைக் கோடு. அதன் கீழே இன்னொன்று. மூன்று. நாலு.

விரல் அகலத்துக்கு.

அவள் மூடியை விட்டுவிட்டாள்.

குழாய் கீழே விழவில்லை.