உப்பில்லாத கழிமுகம்

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கையை ஒடிலியா மீன் கூடையில் போட்டுக்கொண்டு வந்தாள். மலைமேல் இருக்கும் செப்புச் சுரங்கம் தொரோவா ஆற்றை என்ன செய்தது என்று நிபுணர்கள் அளந்து எழுதியது. ஒன்றும் செய்யவில்லையாம். அதைச் சொல்ல அவ்வளவு தாள்.

"மூணு வாரத்துல விசாரணை, சார்ஜென்ட். இந்த அறிக்கைய ஏத்துக்கிட்டா கம்பெனிக்காரன் கழிவ ஆத்துலயேதான் கொட்டுவான். கழிமுகத்துச் சிப்பியத் தின்னுதான் எம்மக செத்துப்போனா. இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

ஓய்வுபெற்ற சார்ஜென்ட் சிமியோன் பாக்கை மென்றபடி பக்கம் புரட்டினார். அவர் மச்சான் பெனதிக் அதற்குள் வழக்கையே முடித்துவிட்டான். "சோதனைக்கு எடுத்த தண்ணிக் குப்பிய கம்பெனிக்காரன் மாத்திட்டான், மாமா."

"தண்ணி புடிச்சது யாரும்மா?"

"எந்தம்பி காஸ்பர். ஆறு தெரிஞ்சவன்னு அவனத்தான் வெச்சாங்க. பொய் சொல்லமாட்டான்."

"இப்பவும் சிப்பி எடுக்கிறீங்களா?"

"எப்படி? துக்கத் தடை இருக்கே. நாலு மாசமா கழிமுகத்துல ஓலை கட்டின தடைக் கம்பு நிக்குது. வருஷம் முடியிற வரைக்கும் அந்தத் தண்ணியில யாரும் கை வெக்கக்கூடாது. தாய்மாமன்னு காஸ்பர்தான் நட்டான்."

சிமியோன் மெல்வதை நிறுத்தினார். "தண்ணி புடிச்சது ரெண்டு மாசம் முந்தி. அவனக் கூட்டிட்டு வா."

மாலையில் காஸ்பர் வந்தான். நிபுணர்கள் யாரும் வரவில்லை. அவர்கள் ஆற்றைப் பார்த்ததே விமானத்திலிருந்துதான்.

"அஞ்சாம் குப்பி, கழிமுகம், காலைல பதினொண்ணு," என்று சிமியோன் வாசித்தார். "அன்னைக்கு அந்நேரம் கடலேத்தம் உச்சம்னு துறைமுகத்து ஏத்த இறக்கப் பலகையில இருக்கு. கழிமுகத்துல அப்ப பாதிக்குமேல கடல் தண்ணி. குப்பியில உப்பே இல்ல."

"நான்தான் சொன்னேனே, கம்பெனி..."

"சும்மா இரு பெனதிக். கம்பெனி விரலக்கூட அசைக்கல. தடை போட்டவன் அந்தத் தண்ணிய அள்ளுவானா?"

காஸ்பர் அக்காவைப் பார்க்கவில்லை. "பாப்பாவுக்குன்னு மூடின தண்ணி, அக்கா. எப்படி அள்ளுவேன்? மேல, சுரங்கத்துக்கு அந்தாண்ட காட்டு ஓடையில புடிச்சேன். எல்லாம் ஒரே ஆறுதானன்னு நெனச்சேன்."



"மறுபடி தண்ணி எடுக்க அதிகாரியக் கூப்பிடலாம்," என்றார் சிமியோன். "ஆனா கம்பு நிக்கிற வரைக்கும் எந்தப் படகோட்டியும் உள்ள போகமாட்டான். துக்கத்த முன்னாலயே முடிக்கணும்னா தாய்தான் சொல்லணும்."

"அதுக்குப் பன்னி அறுத்து விருந்து வெக்கணும்," என்றான் காஸ்பர் மெல்ல. "பன்னி இன்னும் வளரலக்கா."

"எம்மகளுந்தான் வளரல," என்றாள் ஒடிலியா. "அறு."